சேடியும் கெவினும் ஏன் கப்பலேறினார்கள்?

பகைகொண்ட இரண்டு சமூகத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கும் இளையோர் நாவல்களுக்கு ஆங்கிலத்தில் பட்டியல் போடுகிறவர்கள் ஜோன் லிங்கார்டின் ‘அக்ராஸ் த பாரிகேட்ஸ்’ நாவலைச் சேர்க்க மறப்பதில்லை. 1972இல் வெளியானது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கத்தோலிக்கப் பையன் கெவின் மெக்காய், புராட்டஸ்டண்ட் பெண் சேடி ஜாக்சன், நடுவில் தெருவை மறித்து நிற்கும் தடுப்பரண்கள். அவநம்பிக்கையை வென்ற காதல் என்று பள்ளி வழிகாட்டி நூல்கள் இதைச் சொல்லும். நானும் அப்படி நம்பித்தான் எடுத்தேன். ஆனால் இது தனி நாவல் அல்ல, ஐந்து நாவல்கள் கொண்ட வரிசையில் இரண்டாவது. ஐந்தையும் ஆண்டு வரிசைப்படி படித்தபோது கதை நடக்கும் ஊர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். முதல் இரண்டும் பெல்ஃபாஸ்ட். மூன்றாவதான ‘இன்டூ எக்ஸைல்’ (1973) லண்டன். நான்காவது ‘எ ப்ராப்பர் பிளேஸ்’ (1975) லிவர்பூலில் தொடங்கிச் செஷையர் பண்ணைக்குப் போகிறது. ஐந்தாவது ‘ஹாஸ்டேஜஸ் டு ஃபார்ச்சூன்’ (1976) வேல்ஸில் முடிகிறது. கணவன் மனைவியாக அவர்கள் சொந்த ஊரில் ஒரு வீடெடுத்துக் குடித்தனம் நடத்தவே இல்லை.

சங்க அகப்பாடல்களில் உடன்போக்கு உண்டு. ஊர் ஒப்பாதபோது தலைவியும் தலைவனும் பாலையைக் கடந்து போவார்கள். சேடியும் கெவினும் கடந்தது கடல். சமூகங்கள் இணைந்த கதை என்று பெயர் வாங்கிய நாவலில் காதலர்கள் ஏன் ஊரைவிட்டுப் போகிறார்கள்? கதையாசிரியருக்கு முடிவு கிடைக்காமல் கப்பலேற்றிவிட்டாரா, அல்லது அந்த ஊர்தான் அவர்களை ஏற்றியதா? இந்தக் கேள்விக்குப் பதில் நாவலுக்குள் பாதிதான் இருந்தது. மீதி, வீட்டுவசதி அறிக்கைகளிலும் நாடாளுமன்ற விவாதப் பதிவுகளிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களிலும் சிதறிக் கிடந்தது.

முதலில் நாவல்கள் தரும் சாட்சியம். வரிசையின் முதல் நாவல் ‘த ட்வெல்ஃப்த் டே ஆஃப் ஜூலை’ 1970இல் வந்தது. 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் புராட்டஸ்டண்ட் மன்னர் வில்லியம், கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸை வென்றார். அந்த வெற்றியைப் புராட்டஸ்டண்ட் அமைப்பான ஆரஞ்சு சங்கத்தார் ஆண்டுதோறும் ஜூலை 12 அன்று முரசும் குழலுமாக ஊர்வலம் போய்க் கொண்டாடுகிறார்கள். வில்லியத்துக்குத் தெருவழக்கில் கிங் பில்லி என்று பெயர். வெள்ளைக் குதிரையில் அவர் அமர்ந்திருக்கும் ஓவியம் புராட்டஸ்டண்ட் தெருச் சுவர்களில் இருக்கும். கெவினும் அவன் நண்பனும் இரவில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து ஓவியத்தின்மேல் எதிர்ப்பு வாசகம் பூசுகிறார்கள். பதிலுக்குச் சேடி கத்தோலிக்கத் தெருவுக்குப் போய்ப் போப்புக்கு எதிராக எழுதிவிட்டு வருகிறாள். பெயின்ட் டப்பாவில் தொடங்கிய சில்லறைச் சண்டை நாளுக்கு நாள் முற்றி, ஊர்வலத்துக்கு முந்தைய இரவில் கல்வீச்சாக மாறுகிறது. ஒரு கல் கெவினின் தங்கை பிரீடின்மேல் விழுகிறது. அவள் உயிருக்குப் போராடுகிறாள். எதிர்ப்பக்கத்தில் நின்ற சேடி இரு தரப்புக்கும் நடுவிலிருந்த எல்லையைத் தாண்டி ஓடிவருகிறாள். மறுநாள், ஆண்டு முழுக்கக் காத்திருந்த ஊர்வலத்துக்குச் சேடி போவதில்லை. தம்பி டாமியோடும் கெவினோடும் பாங்கர் கடற்கரைக்குப் போகிறாள்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொண்டேன். முதல் நாவலிலேயே சமாதானம் நகருக்கு வெளியே, ரயிலேறிப் போகும் கடற்கரையில்தான் கிடைக்கிறது. இரண்டாம் நாவல் அதே கணக்கைப் பெரிதாக்குகிறது. ஏறத்தாழ மூன்றாண்டு கழித்துச் சேடியும் கெவினும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். எந்தத் தெருவிலும் சேர்ந்து நடக்க முடியாது. கெவினை அவனுடைய பழைய கூட்டாளிகளே அடித்துப் போடுகிறார்கள். சேடியின் முன்னாள் ஆசிரியர் பிளேக் தன் வீட்டில் அவளுக்கு வேலை கொடுத்து, இருவரும் சந்தித்துக்கொள்ள இடமும் தருகிறார். அந்த வீட்டின்மேல் பெட்ரோல் குண்டு விழுகிறது. பிளேக் இறந்துபோகிறார். அதன்பின்தான் கப்பல்.

சிறுவர் நூலில் நல்ல மனிதர் ஒருவரைக் கொன்று கதையை நகர்த்துவது எளிய உத்தி என்று ஒரு வாசகர் குறை சொல்லலாம். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. அதனால் அடுத்து எழுத்தாளரிடம் போனேன்.

ஜோன் லிங்கார்ட் 1932 ஏப்ரலில் எடின்பரோவில், ராயல் மைல் வீதியில், ஒரு டாக்சிக்குள் பிறந்தவர். இரண்டு வயதில் பெல்ஃபாஸ்டுக்கு வந்து பதினெட்டு வயதுவரை அந்நகரின் கிழக்குப் பகுதியில் வளர்ந்தார். அது அழுத்தமான புராட்டஸ்டண்ட் பகுதி. ஆனால் அவர் குடும்பம் ‘கிறிஸ்டியன் சயன்ஸ்’ என்ற சிறு சபையைச் சேர்ந்தது. கேட்கிற முதல் கேள்வியே எந்தப் பக்கம் என்பதாக இருக்கும் நகரத்தில், இரண்டு பெட்டியிலும் சரியாக அடங்காத பிள்ளை அவர். பதினோரு வயதில், படிக்க ஒன்றுமில்லை என்று அம்மாவை நச்சரித்தபோது, அப்படியானால் நீயே ஒன்று எழுது என்று அம்மா சொல்ல, எழுதத் தொடங்கினார் என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த முதல் கதை நடந்த இடம், அவர் பார்த்தேயிராத கார்ன்வால். தன் தெருவும் ஒரு கதைக்களம் என்று அப்போது தோன்றவில்லை. படித்த நூல்கள் அப்படிப் பழக்கியிருந்தன. நம்மில் பலருடைய முதல் கதையும் இப்படி எங்கோ ஓரிடத்தில்தான் நடந்திருக்கும்.

பிறகு அவர் பெரியவர்களுக்கான நாவல்கள் எழுதினார். முதல் நாவல் ‘லியம்ஸ் டாட்டர்’ 1963இல் வந்தது. எடின்பரோவில் குடியிருந்தபடியே, கதைக்களத்தில் பெல்ஃபாஸ்டுக்குத் திரும்பி எழுதிய நூல்கள் 1970இல் இரண்டாக வெளிவந்தன: ஒன்று சேடி, கெவின் கதையின் தொடக்கம், மற்றது ‘த லார்ட் ஆன் அவர் சைட்’ என்ற பெரியவர்களுக்கான நாவல். ஆக, கப்பலேறிப் போனவர் முதலில் ஆசிரியர்தான். ஊரைவிட்டுப் போய், தொலைவில் இருந்து எழுதியவர் தன் பாத்திரங்களுக்கும் அதே வழியைக் காட்டினார் என்று முடித்துவிடத் தோன்றும். வாழ்க்கை வரலாற்றை வைத்துக் கதையை விளக்குவது சுலபம். எனக்கு அது போதவில்லை. பிளேக்கின் வீடு எரிந்ததே, அது எந்த ஆண்டின் தீ?

வட அயர்லாந்துக் கலவரக் காலத்தை ஆராய்கிற யாரும் இரண்டு வாசல்களைத் தட்டியாக வேண்டும். ஒன்று அல்ஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் ‘கெய்ன்’ ஆவணக் களஞ்சியம். இன்னொன்று பெல்ஃபாஸ்ட் நகர நடுவிலுள்ள லினன் ஹால் நூலகம். அந்த நூலகம் 1788இல் தொடங்கியது. அதன் தொடக்ககால நூலகர் தாமஸ் ரஸ்ஸல் ஐக்கிய அயர்லாந்துக்காரர் இயக்கத்தைச் சேர்ந்தவர், 1796இல் கைதாகி 1803இல் தூக்கிலிடப்பட்டார். 1968இல் அங்கே நூலகராக இருந்த ஜிம்மி விட்டி, நகர மதுக்கடை ஒன்றில் தன் கையில் திணிக்கப்பட்ட குடிமை உரிமை இயக்கத் துண்டறிக்கையைக் கசக்கி எறியாமல் கொண்டுவந்து பத்திரப்படுத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அரசியல் சேகரம். எல்லாத் தரப்பின் துண்டறிக்கைகளும் சுவரொட்டிகளும் செய்தித்தாள்களும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. தெருவில் சேர்ந்து நிற்க முடியாதவர்கள் அலமாரியில் அருகருகே இருக்கிறார்கள்.

கெய்ன் களஞ்சியத்தில் எனக்கு வேண்டியவை அரசியல் அறிக்கைகள் அல்ல, வீட்டுக் கணக்கு. அது கிடைத்தது. 1969 ஜூலை முதல் செப்டம்பர்வரை நடந்த கலவரங்களில் பெல்ஃபாஸ்டில் 1,820 குடும்பங்கள் வீட்டைவிட்டு ஓடின. அவற்றில் 1,505 கத்தோலிக்கக் குடும்பங்கள். 1971 ஆகஸ்டில், விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டம் அமலான சில வாரங்களில், மேலும் இரண்டாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சமூக உறவுகள் ஆணையம் அதைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்கு ஒற்றைச் சொல்லில் தலைப்பு: ‘ஃப்ளைட்’, ஓட்டம். அந்த மாதத்தில்தான் ஆர்டோய்ன் பகுதியின் ஃபாரிங்டன் கார்டன்ஸிலும் அதையொட்டிய தெருக்களிலும் வெளியேறிய புராட்டஸ்டண்ட் குடும்பங்கள், கத்தோலிக்கர் குடிவரக் கூடாது என்று தாங்கள் வாழ்ந்த வீடுகளுக்குத் தாங்களே தீ வைத்துவிட்டுப் போனார்கள். ஏறத்தாழ 200 வீடுகள் எரிந்தன.

மூன்றாவது ஆவணம் இன்னும் கனமானது. ஜான் டார்பியும் ஜெஃப்ரி மோரிஸும் அதே ஆணையத்துக்காகத் தயாரித்து 1974 பிப்ரவரியில் வந்த ‘இன்டிமிடேஷன் இன் ஹவுசிங்’. 1969 ஆகஸ்டுக்கும் 1973 தொடக்கத்துக்கும் இடையே பெருநகர பெல்ஃபாஸ்டில் 8,000 முதல் 15,000 குடும்பங்கள், அதாவது 30,000 முதல் 60,000 பேர், மிரட்டலாலோ மிரட்டல் பயத்தாலோ வீடு மாறினார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. கல் எறிவது, கதவில் எழுதுவது, கடிதத்தில் தோட்டாவை வைத்து அனுப்புவது, பெட்ரோல் குண்டு: மிரட்டலுக்குப் பல படிகள் உண்டு. லிங்கார்ட் தன் நாவலில் அந்தப் படிகளை ஒவ்வொன்றாக ஏறியிருக்கிறார். நாவல் வந்த 1972இல் மட்டும் ஏறத்தாழ 480 பேர் கொல்லப்பட்டார்கள். முப்பதாண்டுக் கலவரத்தில் அதைவிட மோசமான ஆண்டு இல்லை. பிளேக்கின் வீட்டை எழுத்தாளர் எரிக்கவில்லை. ஊரில் எரிந்துகொண்டிருந்த வீடுகளில் ஒன்றில் அவரைக் குடிவைத்தார், அவ்வளவே.

எல்லோரும் எடுத்துக்காட்டும் இந்த எண்கள் இருபக்கக் கணக்காகவே வருகின்றன: கத்தோலிக்கர் இத்தனை, புராட்டஸ்டண்டுகள் இத்தனை. ஒவ்வொரு பக்கமும் தன்னவர் நடுவே பாதுகாப்புத் தேடி நகர்ந்தது. கலப்புமணத் தம்பதிக்குத் தன்னவர் தெரு எது? மனைவி பக்கத் தெருவில் கணவன் அந்நியன், கணவன் பக்கத்தில் மனைவி. நகரம் மேலும் மேலும் இரண்டாகப் பிரியப் பிரிய அவர்களுக்கான நிலம் சுருங்கியது. சேடியும் கெவினும் கப்பலேறியதற்கு உடனடிக் காரணம் இதுதான் என்று கோப்பை மூடியிருக்கலாம்.

மூடாமல் விட்டதற்குக் காரணம் இன்னொரு நூல். கலப்புமணம் பற்றிய பெல்ஃபாஸ்ட் எழுத்துகளைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால் 1911இல் ஒரு நாடகம் நிற்கிறது. பெயரே ‘மிக்ஸ்ட் மேரேஜ்’. எழுதியவர் செயின்ட் ஜான் எர்வின், பெல்ஃபாஸ்டின் கிழக்குக்கரைத் தொழிலாளர் பகுதியான பாலிமக்காரெட்டில் பிறந்தவர். டப்ளின் அபே அரங்கில் 1911 மார்ச் 30 அன்று முதலில் மேடையேறியது. ஜான் ரெய்னி ஒரு புராட்டஸ்டண்ட் தொழிலாளி. இரு மதத்துத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்தும் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர். தன் மகன் ஹியூ, நோரா என்ற கத்தோலிக்கப் பெண்ணை மணக்கப்போகிறான் என்று தெரிந்ததும் மனம் மாறுகிறார். கூலிக்காக ஒன்றுபடலாம், குடும்பமாக ஒன்றுபட முடியாது. வேலைநிறுத்தம் உடைந்து கலவரமாகிறது. நோரா தெருவில் ஓடி, துப்பாக்கிக் குண்டு பட்டுச் சாகிறாள்.

அந்தக் காலத்தில் இது வெறும் நாடகப் பிரச்சினை இல்லை. ‘நே தெமெரே’ என்ற வத்திக்கான் ஆணை 1908இல் நடைமுறைக்கு வந்திருந்தது. கத்தோலிக்கர் ஒருவரின் திருமணம் கத்தோலிக்கக் குருவின் முன் நடக்கவில்லையென்றால் திருச்சபையின் கண்ணில் அது திருமணமே அல்ல. கலப்புமணத்தில் பிறக்கும் பிள்ளைகள் எல்லோரும் கத்தோலிக்கராகவே வளர வேண்டும் என்ற வாக்குறுதியையும் திருச்சபை கேட்டது. அதற்குமுன் பல குடும்பங்களில் மகன்கள் தந்தை வழி, மகள்கள் தாய் வழி என்று ஒரு நாட்டுவழக்கு இருந்தது. சட்டப்படி சரியாகத் தோன்றாத அந்த ஏற்பாட்டில் வீட்டு அமைதி இருந்தது.

பெல்ஃபாஸ்டில் இந்த ஆணை மக்கேன் வழக்கின் வழியாக வெடித்தது. பிரஸ்பிட்டேரியன் மனைவி, கத்தோலிக்கக் கணவன், இரண்டு குழந்தைகள். திருமணம் பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் நடந்தது. 1910இல் கணவன் குழந்தைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மனைவி மறுபடி கத்தோலிக்க முறையில் மணக்க மறுத்ததே காரணம் என்று அவளுடைய போதகர் வில்லியம் கார்க்கி பகிரங்கப்படுத்தினார். அந்த ஆண்டு டிசம்பர் பொதுத்தேர்தலில் அயர்லாந்தின் சுயாட்சியை எதிர்த்தவர்கள் கையில் அது ஆயுதமாயிற்று. 1911 பிப்ரவரி 7 அன்று லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. அந்த விவாதம் ஹேன்சார்ட் பதிவேட்டில் இன்று யாரும் இணையத்தில் படிக்கும்படி கிடக்கிறது. மேற்கு பெல்ஃபாஸ்ட் உறுப்பினர் ஜோ டெவ்லின், இது மதத்தால் வந்த பிரிவல்ல, குடும்பச் சண்டை என்று கணவன் தரப்பை எடுத்து வைத்தார். ஒரு பெண்ணின் காணாமல்போன பிள்ளைகள் கட்சிகளின் வாதப் பொருளாகிவிட்டதைப் பக்கம் பக்கமாகப் படிப்பது மனத்துக்கு உவப்பானதாயில்லை. பிள்ளைகள் எங்கே என்று கேட்டவர்களைவிட, யார் சொல்வது பொய் என்று கேட்டவர்கள் அதிகம்.

இங்கே தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நாடாளுமன்ற விவாதம் பிப்ரவரி 7. எர்வின் நாடகம் மார்ச் 30. அதன்பின் மூன்றாவது நாள், 1911 ஏப்ரல் 2 இரவு, அயர்லாந்து முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்தக் குடும்பப் படிவங்கள் அழியாமல் தப்பியவை. அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. மதத்துக்குத் தனிக் கட்டம் உண்டு. திருமணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்பதற்கும் கட்டங்கள் உண்டு. நாடகம் வழக்கைப் பார்த்து எழுதப்பட்டது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் வழக்கை மறந்துவிட்டு அதைப் பார்த்திருக்க முடியாது. அந்த வாரமே தங்கள் வீட்டுப் படிவத்தில் மதக் கட்டத்தையும் நிரப்பினார்கள்.

பெல்ஃபாஸ்ட் தெருக்களின் படிவங்களைப் புரட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பக்கம் பக்கமாக ஒரே மதம், பிறகு அடுத்த தெருவில் பக்கம் பக்கமாக இன்னொன்று. அவற்றின் நடுவே, ஒரே வீட்டுக்குள் இரண்டு மதம் எழுதப்பட்ட தாள்களும் வருகின்றன. அவர்கள் எவரும் கதையில் வருவதில்லை. நோராவைப் போல் சாகவும் இல்லை, சேடியைப் போல் ஓடவும் இல்லை. அந்த ஏப்ரல் இரவில் வீட்டில் இருந்தார்கள், குடும்பத் தலைவர் கையெழுத்திட்டிருக்கிறார்.

அவர்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து போகலாம் என்றால் வழி அடைந்துகிடக்கிறது. 1921இல் விடுதலைப் போர் காரணமாக அயர்லாந்தில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. பின்னோக்கிப் போகவும் வழி குறைவு: 1922 ஜூனில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் சண்டையில் பொது ஆவணக்காப்பகம் எரிந்து, முந்தைய நூற்றாண்டின் முதற்பாதிக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி போயிற்று. வட அயர்லாந்தில் 1926இல் எடுத்த கணக்கெடுப்பின் படிவங்களும் அழிந்துவிட்டன. லிங்கார்டின் தலைமுறைக்கு முந்தைய கலப்புக் குடும்பங்களின் அன்றாடம் தாளில் இல்லை. நாடகத்தின் பிணமும் நாவலின் கப்பலும் மட்டும் அச்சில் இருக்கின்றன.

பேரழிவு எழுத்தில் தங்கிவிடுகிறது, சாதாரணமாக வாழ்ந்தது தங்குவதில்லை. இந்தக் கதைகளைப் பற்றி விமர்சகர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள். ஜோ கிளியரி 2002இல் வெளியிட்ட பிரிவினை இலக்கியம் பற்றிய நூலில், எல்லை தாண்டிய காதல் கதைகள் அரசியலை வெறும் தடையாகச் சுருக்கிவிடுகின்றன, காதலர் தனி வாழ்க்கைக்குள் ஒதுங்குவதோடு கதை முடிந்துவிடுகிறது என்ற திசையில் வாதிடுகிறார். வலுவான வாதம். ஆனால் லிங்கார்டுக்கு அது முழுதும் பொருந்துமென்று நான் நினைக்கவில்லை. ஒதுங்கி வாழ்வதை அவர் சொர்க்கமாகக் காட்டவில்லை. மூன்றாம் நாவலில் கெவினின் தந்தை குண்டுவெடிப்பில் இறக்க, அவன் தாய்வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. சேடி லண்டனில் தனியாகக் கிடக்கிறாள். நான்காம் நாவலில் கெவினின் தம்பி ஜெரால்ட், ஊரின் கோபத்தையெல்லாம் சுமந்துகொண்டு அவர்கள் வீட்டுக்கே வந்து சேர்கிறான். வேலை போகிறது, வீடு போகிறது, கைக்குழந்தை இருக்கிறது. ஊரைவிட்டால் ஊர் விடாது என்பதை மூன்று நாவல்கள் பொறுமையாக எழுதிக் காட்டுகின்றன. பட்டியல்காரர்கள் அந்த மூன்றையும் படிப்பதில்லை, கப்பல் கரையைவிட்டதும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

இந்தக் கலவரக் காலத்தை இளையோருக்காக மற்றவர்களும் எழுதினார்கள். பீட்டர் கார்டரின் ‘அண்டர் கோலியாத்’ (1977) கப்பல்கட்டும் தளத்தின் பெரிய பாரந்தூக்கியின் நிழலில் நடக்கும் கதை. குழல் ஊதும் புராட்டஸ்டண்ட் பையனுக்கும் பைப் வாசிக்கும் கத்தோலிக்கப் பையனுக்கும் இடையில் இசையும் ஒரு துப்பாக்கியும் வருகின்றன. கேத்தரின் செஃப்டன் என்ற பெயரில் 1986 முதல் 1989 வரை மூன்று நாவல்கள் வந்தன. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர், கரடிக்குட்டிப் படக்கதைகளால் உலகெங்கும் குழந்தைகள் அறிந்த மார்ட்டின் வாடல். 1972இல் டோனகடீ ஊரில் கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றிலிருந்து சில இளைஞர்கள் ஓடுவதைக் கண்டு உள்ளே பார்க்கப் போனவர், அங்கே வெடித்த குண்டில் சிக்கினார். பிறகு சில ஆண்டுகள் எழுத முடியாமல் இருந்தார். குண்டு வெடித்தது லிங்கார்டின் நாவல் கடைக்கு வந்த அதே ஆண்டு. 2004இல் வாடலுக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது.

‘அக்ராஸ் த பாரிகேட்ஸ்’ நாவலுக்கு 1986இல் ஜெர்மனியின் பூக்ஸ்டஹூட நகரம் தரும் இளையோர் நாவல் விருது கிடைத்தது. பரிசாக எஃகுக் காளை கொடுப்பார்கள். சிறுவர் கதையொன்றில் சண்டைபோட மறுத்துப் பூவை மோந்துகொண்டிருந்த ஃபெர்டினண்ட் காளைதான் அது. அப்போது பெர்லின் சுவர் நின்றுகொண்டிருந்தது. பெல்ஃபாஸ்டில் 1969 செப்டம்பரில் ராணுவம் முதல் தடுப்பை எழுப்பியபோது, படைத்தலைவர் ஃப்ரீலண்ட் இது வெகு தற்காலிகமானது, இந்நகரில் பெர்லின் சுவர் எதுவும் வராது என்று சொல்லியிருந்தார். பெர்லின் சுவர் 1989இல் விழுந்தது. கூப்பர் தெருவில் தொடங்கிய பெல்ஃபாஸ்ட் சுவர் உயர்ந்துகொண்டே போனது. 2013இல் வட அயர்லாந்து அரசு, ‘சமாதானச் சுவர்கள்’ எனப்படும் இத்தகைய தடுப்புகள் எல்லாவற்றையும் 2023க்குள் அகற்றுவதாக அறிவித்தது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது, சுவர்கள் நிற்கின்றன.

இனி, ஊரில் தங்கியவர்கள். டார்பி, மோரிஸ் அறிக்கை வந்த 1974ஆம் ஆண்டையே திரும்ப எடுத்தேன். வீடு இழந்தவர்களின் கணக்கு வெளியான அந்த ஆண்டில்தான் வட அயர்லாந்துக் கலப்புமணச் சங்கம் தொடங்கியது. திருமணத்தை எங்கே நடத்துவது, எந்தக் குருவானவர் ஒப்புக்கொள்வார், குழந்தைக்கு எந்த ஞானஸ்நானம், எந்தப் பகுதியில் வீடு பார்த்தால் ஆபத்தில்லை: இந்தக் கேள்விகளோடு வந்தவர்களுக்கு, ஏற்கெனவே அதையெல்லாம் கடந்துவந்த தம்பதிகள் துணைநின்றார்கள். அதே ஆண்டு ‘ஆல் சில்ட்ரன் டுகெதர்’ என்ற பெற்றோர் இயக்கமும் முறைப்படி அமைந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு பள்ளி, புராட்டஸ்டண்ட் பிள்ளைகள் ஒரு பள்ளி என்ற ஏற்பாட்டை உடைக்க அவர்கள் அரசிடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் தாங்களே தொடங்கிவிட்டார்கள். 1981 செப்டம்பரில், சாரணர் கூடம் ஒன்றில், 28 மாணவர்களோடு லகன் கல்லூரி திறந்தது. வட அயர்லாந்தின் முதல் ஒருங்கிணைந்த உயர்நிலைப் பள்ளி அதுதான். அது உண்ணாவிரதப் போராட்டத்தில் பத்துப் பேர் சிறையில் இறந்த ஆண்டு. பிள்ளையை அப்படிப்பட்ட பள்ளிக்கு அனுப்பியவர்களின் துணிச்சலை அந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்றும் ஒருங்கிணைந்த பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

1974இல் பெல்ஃபாஸ்டில் இவையெல்லாம் முளைத்தபோது சேடியும் கெவினும் இங்கிலாந்தில் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். லிங்கார்டைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. எர்வினிடம் நோராவுக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. அறுபத்தோரு ஆண்டு கழித்து லிங்கார்ட் சேடிக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஊர் எரிந்துகொண்டிருந்த ஆண்டில் அதற்குமேல் கொடுத்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். குற்றம் பட்டியல் போடுகிறவர்களுடையது: இருவர் தப்பித்த கதையை இரண்டு சமூகங்கள் சேர்ந்த கதை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

கலப்புமணச் சங்கம் 2012இல் ‘மிக்ஸ்ட் எமோஷன்ஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. அந்த ஊரில் மதம் கடந்து மணம் முடித்தவர்கள் தங்கள் அனுபவங்களைச் சொல்லும் நூல். சேடி, கெவின் நாவல்களை வகுப்பில் பேச நினைக்கிற ஆசிரியர்கள் இரண்டாம் நாவலோடு நிறுத்தாமல் ஐந்தையும் எடுங்கள். கூடவே அந்தத் தொகுப்பையும் மேசையில் வையுங்கள்.